சிசுவின் வயிற்றுக் கட்டி

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் அக்குறணை. அங்கே ஒரு தாய், பிறந்து சில நாள்களேயான தன் சிசுவை நீராட்டுகின்றாள். விலாவுக்குக் கீழே கட்டியொன்று அவள் கைக்குத் தட்டுப்படுகின்றது. "புற்றுநோயோ?" என்று அவள் உள்ளம் நடுங்குகின்றது. அந்த ஒரு கேள்விக்குத் தெளிவான விடை காண, மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஜெர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் மாக்ஸ் வில்ம்ஸ், குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுக்கட்டியை ஆராய்ந்து 1899ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். அக்கட்டி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆயினும், வயிற்றைத் திறவாமல் கட்டியின் இயல்பை அறிவது எளிதாக இருக்கவில்லை.

அதற்கொரு வழி கிளாஸ்கோ நகரில் பிறந்தது. உலோகங்களின் உள்வெடிப்பைக் கண்டறியப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவியை, இயன் டொனால்ட் என்னும் மகப்பேற்று வைத்தியர் மனித வயிற்றின்மீது பயன்படுத்தினார். தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்ணொருத்திக்கு இருந்தது நீர்க்கட்டியே என அக்கருவி காட்டிற்று. சத்திரசிகிச்சையால் அவள் பிழைத்தாள். இவ்வாய்வு 1958ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று.

இம்முறை பின்னர் சிசுக்களுக்கும் பயன்பட்டது. வலியுமில்லை, கதிர்வீச்சுமில்லை. சிசுக்களின் வயிற்றுக் கட்டிகளிற் பெரும்பாலானவை சிறுநீரகத்தைச் சார்ந்தவை. அவற்றிலும் பல, சிறுநீர் வழி தடைப்பட்டதால் வீங்கிய சிறுநீரகங்களும் நீர்ப்பைகளுமேயன்றிப் புற்றுநோய் அல்ல.

திண்மையான கட்டியாயின் என்ன செய்வது? சிசுவின் சிறுநீரகத்தில் தோன்றும் கட்டிகளுள் ஒருவகை, வில்ம்ஸ் கட்டியினின்றும் வேறானது என்பதை அமெரிக்க நோயியல் நிபுணர் ராபர்ட் பொலாண்டேயும் அவர் துணைவரும் 1967ஆம் ஆண்டில் விளக்கினர். அதற்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சை ஒன்றே போதும். அதுவரை, இரண்டையும் ஒன்றெனக் கருதியதால், வேண்டாத கதிர்ச் சிகிச்சைக்கும் கடும் மருந்துக்கும் ஆளான சிசுக்கள் உண்டு. கட்டியின் பெயரைப் பிழையாக வைத்ததன் விலையை அப்பச்சிளங் குழந்தைகளே கொடுத்தன. சிசுக்களின் நரம்பணுக் கட்டிகளுள் ஒருவகை, உடலிற் பரவியிருந்தும் தானாகவே கரைந்துவிடக் கூடும் என்பது 1971ஆம் ஆண்டில் எடுத்துரைக்கப்பட்டது.

இன்று அக்குறணைத் தாய்க்கு உதவி தொலைவில் இல்லை. வீடு தேடி வரும் குடும்பநல மாதுவிடம் அவள் சொல்லலாம். கண்டியைக் கடந்தால், பேராதனையில் சிறுவர்க்கெனவே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை உண்டு. அவள் செய்யத் தகாதது ஒன்றே: கட்டியை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்ப்பது. சில கட்டிகள் அழுத்தத்தால் உடையக்கூடும். அச்சத்தால் நாள் கடத்தாமல் சிசுவை வைத்தியரிடம் கொண்டு செல்வதே அவள் கடமை. அக்கட்டி இன்னதெனத் துணிந்த பின்னரே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதே இந்நீண்ட வரலாறு புகட்டும் பாடம்.