கொலம்பஸ், இண்டியானா: ஓர் ஊர் தனக்குத் தானே கட்டிக்கொண்டவை

இம்மலருக்காக இந்த ஊரின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னவர்கள் கட்டடங்களின் பட்டியல் ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அந்தப் பட்டியல் சுற்றுலாத் துண்டறிக்கையிலேயே கிடைக்கும். எனக்குச் சொல்ல இருப்பது, அவற்றைக் கட்டிய முறையைப் பற்றி.

கொலம்பஸ் என்றதும் ஓஹையோவின் தலைநகரை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இது வேறு. இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே காரில் ஒரு மணி நேரம். சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. பிளாட்ராக், டிரிப்ட்வுட் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் 1821இல் உண்டான ஊர். பார்த்தலோமியு கவுண்டியின் தலைமையிடம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 50,474. நம் பக்கத்துக் கணக்கில் நடுத்தர நகராட்சி ஒன்றின் அளவு. ஆனால் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் புதுமையான கட்டடங்களுக்காக நகரங்களை வரிசைப்படுத்தியபோது சிகாகோ, நியூயார்க் இருந்த அதே வரிசையில் ஆறாவதாக இந்த ஊர் வந்தது.

கதை ஒரு கார் ஓட்டுநரிடம் தொடங்குகிறது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் உள்ளூர் வங்கி முதலாளி டபிள்யூ. ஜி. இர்வினுக்கு வண்டி ஓட்டியவர். கை சும்மா இருக்காத மெக்கானிக். இர்வின் பணம் போட, 1919இல் டீசல் எஞ்சின் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனம் பிறந்தது. 1931இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் இவர்களுடைய டீசல் கார் ஓரிடத்திலும் நிற்காமல் முழுத் தூரமும் ஓடிப் பெயர் வாங்கியது. பெயர் வந்ததே தவிர லாபம் வரவில்லை. அதற்கு 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு காலம் கை விடாத முதலாளி கிடைத்தது கம்மின்ஸின் அதிர்ஷ்டம், ஊரின் அதிர்ஷ்டமும்கூட.

1934இல் நிர்வாகத்துக்கு வந்தவர் இர்வினின் உடன்பிறந்தார் வழிப் பேரன் ஜே. இர்வின் மில்லர். யேலிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், வயலின் வாசிப்பவர், அழுத்தமான தேவாலயப் பற்றுள்ளவர். பின்னாளில் அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பாமரர், அதாவது பாதிரியார் அல்லாதவர், இவரே. இவர் குடும்பம் சார்ந்திருந்த சபைதான் முதலில் வழக்கத்தை மீறியது. ஐந்தாம் தெருவில் பின்லாந்துக்காரரான எலியல் சாரினெனைக் கொண்டு 1942இல் கட்டிய தேவாலயம், அலங்காரம் எதுவுமற்ற நேர்கோடுகளும் தனித்து நிற்கும் 166 அடிக் கோபுரமுமாக எழுந்தது. நவீன பாணியில் அமெரிக்காவில் எழுந்த முதல் தேவாலயங்களில் ஒன்று அது.

போர் முடிந்தது, கம்மின்ஸ் வளர்ந்தது, குழந்தைகள் பெருகினார்கள். பள்ளிகள் போதவில்லை. அவசரத்துக்குக் கட்டியவை மட்டமாக இருந்தன. நல்ல பள்ளி இல்லாத ஊருக்கு நல்ல பொறியாளர் குடும்பத்தோடு வரமாட்டார் என்ற தொழிற்கணக்கும் மில்லருக்கு இருந்தது. அதை மறைத்து வெறும் தயாளமாகக் காட்டத் தேவையில்லை. பள்ளி வாரியத்திடம் அவர் ஒரு யோசனை சொன்னார்: தேர்ந்த கட்டடக் கலைஞர்களின் பட்டியல் ஒன்று தருகிறோம்; அதிலிருந்து நீங்களே ஒருவரைத் தேர்ந்துகொண்டால், அவருக்கான கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். ஹாரி வீஸ் வடிவமைத்து 1957இல் முடிந்த லில்லியன் ஷ்மிட் தொடக்கப் பள்ளி இந்த வகையில் முதலாவது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். செங்கலுக்கும் சிமென்டுக்கும் கூலிக்கும் அறக்கட்டளை பணம் தரவில்லை. அது ஊர் வரிப்பணம். யாரைத் தேர்வது, எவ்வளவு செலவழிப்பது, வரைபடத்தை ஏற்பதா திருப்புவதா எல்லாம் வாரியத்தின் பொறுப்பு. ஆகவே கட்டி முடிந்த பள்ளி முதலாளி கொடுத்த தானமாக ஆகவில்லை, ஊர்ச் சொத்தாகவே இருந்தது. வாசலில் கொடையாளி பெயரைப் பெரிதாகப் பொறித்துக்கொள்வதையே அறமாகப் பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும்.

பிறகு பள்ளிகளைத் தாண்டி மற்றப் பொதுக் கட்டடங்களுக்கும் இந்த ஏற்பாடு நீண்டது. 1968இல் நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தை ராபர்ட் வென்டுரி செய்தார். முகப்பில் பெரிய 4 ஒன்று, மற்றபடி சிக்கனம். தபால் நிலையம், நகர மண்டபம், ஏன், கவுண்டிச் சிறைச்சாலைக்குக்கூடத் தேர்ந்த வடிவமைப்பாளர் வந்தார்.

எனக்குப் பிடித்தது நூலகம். ஊர் நூலகர் கிளியோ ராஜர்ஸின் பெயரில், ஐ. எம். பெய் வடிவமைத்து 1969இல் திறந்தது. எலியல் சாரினெனின் தேவாலயத்துக்கு நேர் எதிரே, அதோடு போட்டி போடாமல் அடங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவே தெருவையொட்டி ஒரு திறந்த முற்றத்தை விட்டார் பெய். அங்கே 1971இல் ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு வந்து நின்றது. அதன் கீழே குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை.

ஊர் கூடுமிடம் என்றால் வாஷிங்டன் தெருதான். 1900இல் கிரேக்கச் சகோதரர்கள் தொடங்கிய ஜகராகோஸ் ஐஸ்கிரீம் கடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. சற்றுத் தள்ளி ‘காமன்ஸ்’ என்னும் பொதுக் கூடம். சீசர் பெல்லி கட்டியது 1973இல். அதை இடித்து, 2011இல் புதிதாகக் கட்டினார்கள். உள்ளே ஜான் டிங்கலியின் இரும்புச் சிற்பம் கடகடவென்று சுழலும். பக்கத்தில் குழந்தைகள் விளையாடும் இடம். ஜனவரிக் குளிரில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எல்லாம் நன்றாகவே நடந்துவிடவில்லை. 2008 ஜூன் 7 வெள்ளத்தில் வட்டார மருத்துவமனைக்குள் நீர் புகுந்து, நோயாளிகளை வெளியேற்றி, மாதக்கணக்கில் மூடி வைக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு இர்வின் வங்கியே நொடித்துப் போனது. கம்பிக் கூண்டு இல்லாமல், நாலாபுறமும் கண்ணாடியாக எலியலின் மகன் ஈரோ சாரினென் 1954இல் கட்டிய அதன் கட்டடம் பின்னர் கம்மின்ஸின் மாநாட்டுக் கூடமாயிற்று. அவரே வரைந்து, அவர் இறந்த பின் 1964இல் முடிந்த வடக்குக் கிறிஸ்தவ தேவாலயத்தின் சபை, ஆள் குறைந்து 2022இல் கலைந்தது. 192 அடி ஊசிக் கோபுரத்தை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்று ஊர் யோசிக்க வேண்டியதாயிற்று. பெரியவர் சாரினெனின் கோபுரமும் செங்கல் விட்டுப்போய், நன்கொடை திரட்டித்தான் பழுது பார்த்தார்கள். கட்டும்போது வடிவமைப்புக் கட்டணம் தர ஒருவர் இருந்தார். கூரை ஒழுகும்போது அப்படி யாரும் வருவதில்லை. இந்த முறையின் பலவீனம் என்று நான் கருதுவது இதைத்தான். ஒரே தொழிற்சாலையை நம்பிய ஊர் என்பதும் அதோடு சேர்ந்த கவலை.

அந்தத் தொழிற்சாலை 1962இல் புனேயில் கிர்லோஸ்கருடன் கூட்டுச் சேர்ந்தது. அன்று தொடங்கிய இந்தியத் தொடர்பு வளர்ந்து, இன்று கொலம்பஸின் பள்ளிகளிலும் கடைத்தெருவிலும் இந்திய முகங்கள் சாதாரணம். நம்மில் பலருடைய பிள்ளைகள் மேலே சொன்ன பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

உள்ளூர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியூரிலிருந்து வரும் விருந்தினரை வெண்கல வளைவின் கீழே நிறுத்திப் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். பள்ளி வாரியக் கூட்டமும் நகரசபைக் கூட்டமும் எல்லாருக்கும் திறந்தவை. எந்தக் கூரையைச் செப்பனிடுவது, அடுத்த கட்டடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவாகும் அந்த அறையில் நம்மவர் சிலராவது போய் உட்காருங்கள்.