உஸ்தாதின் வாழ்வும் மத்ரஸா நிர்வாகமும்

உஸ்தாதின் சம்பளத்தை உயர்த்துவது பற்றி நிர்வாகக் கூட்டங்களில் பேச்செழும்போதெல்லாம், "நன்மைக்காகச் செய்கிற பணிதானே, ஹள்ரத்!" என்ற சொல் தவறாமல் வந்து விழுகிறது. நன்மையை நாடுவது உண்மைதான். ஆயினும் இந்தச் சமுதாயத்தின் வரலாற்றில் அச்சொல் ஆசிரியரின் பசிக்கு மறுமொழியாக வைக்கப்பட்டதில்லை.

முற்கால ஹனஃபி இமாம்கள் குர்ஆன் கற்பிப்பதற்குக் கூலி பெறுவதை அனுமதிக்கவில்லை என்பதைப் பலர் எடுத்துக்காட்டுவர். அன்று கற்பிப்போருக்குப் பைத்துல்மாலிலிருந்து மானியம் கிடைத்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுவர். மதீனாவில் சிறுவர்களுக்குக் கற்பித்த மூவருக்கு உமர் (ரலி) அவர்கள் மாதந்தோறும் ஆளுக்குப் பதினைந்து திர்ஹம் வழங்கியதாக அறிவிக்கப்படுகிறது. பிற்காலத்தில் அம்மானியங்கள் நின்றன. பிழைப்புக்காக ஆசிரியர்கள் வேறு தொழிலுக்குப் போனால் குர்ஆன் கல்வியே அழிந்துவிடும் என்று கண்ட பல்க் நகரத்து ஹனஃபி அறிஞர்கள், கூலி பெறலாம் எனத் தீர்ப்பளித்தனர். பிற்கால ஹனஃபிகள் அதனையே ஏற்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் அது முன்பே ஆகுமானதாக இருந்தது.

ஆசிரியரைத் தாங்கும் பொறுப்பை ஒரு நிறுவனமே ஏற்பதற்குப் பெயர்பெற்ற சான்று பக்தாத் நிஜாமிய்யா. ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் நிறுவிய இம்மத்ரஸா 1067இல் திறக்கப்பட்டது. முதர்ரிஸின் ஊதியமும் மாணவர்களின் உணவுச் செலவும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாயிலிருந்து வந்தன. அக்கால மத்ரஸாக்களில் 'முஈத்' என்றொரு பதவியும் இருந்தது. முதர்ரிஸ் நடத்திய பாடத்தை மாணவர்களுக்கு மீண்டும் விளக்குவது அவர் வேலை. மூத்தவரின் சுமை குறைந்தது. இளையவர் கற்பித்துக்கொண்டே முதர்ரிஸாக வளர்ந்தார். இக்காலத்து ஆசிரியர் பயிற்சி முகாம்களை விட இது மேலான ஏற்பாடு என்பது நம் எண்ணம்.

அந்த நிஜாமிய்யாவுக்கு 1091இல் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் முதர்ரிஸாக வந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று. முந்நூறு மாணவர்கள், புகழ், அரசவை மதிப்பு. 1095ஆம் ஆண்டு ரஜபு மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் அவர்கள் பட்ட வேதனையைத் தமது 'அல்முன்கித் மினள் ளலால்' நூலில் தாமே எழுதியுள்ளார்கள். வகுப்பில் நாவு எழவில்லை. உணவு செல்லவில்லை. நோய் உள்ளத்திலிருந்து வந்தது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். இதை வெறும் வேலைச்சுமை என்று சுருக்கிவிடலாகாது. தம் கல்வி அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வியே அவர்களை வாட்டியது. ஆனால் ஓர் ஆசிரியர் உள்ளம் உடைந்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அவர்கள் பதவியை விட்டுப் புறப்பட்டார்கள். தம்பி அஹ்மத் கஸ்ஸாலி (ரஹ்) அவ்விடத்தில் பாடம் நடத்தினார்கள், மத்ரஸா நிற்கவில்லை. ஏறத்தாழ பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1106இல், நிஜாமுல் முல்கின் மகன் ஃபக்ருல் முல்க் அவர்களை நைஸாபூர் நிஜாமிய்யாவுக்கு அழைத்தார். விலகிப் போனவர் என்ற குறை அங்கே குறுக்கே நிற்கவில்லை. ஓய்வெடுத்துத் திரும்பும் உஸ்தாதுக்கு இடமிருக்குமா என்று இன்று எத்தனை நிர்வாகங்களிடம் கேட்க முடியும்?

நம் மாநிலத்தின் வரலாறும் அருகிலேயே இருக்கிறது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1955இல், அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. முஸ்லிம்கள் நடத்திய உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களும் அதனால் பயனடைந்தனர். மக்தப் உஸ்தாதுகள் அதற்கு வெளியே நின்றனர். உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009இல்தான் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களுள் பலரின் முதுமைக்கு ஜமாஅத்தின் மனம்தான் ஓய்வூதியம்.

இங்கே சேர்வராயன் மலையில், வெள்ளக்கடை போன்ற சிற்றூர்களில், ஓதிக்கொடுப்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவரே தொழவைக்கிறார், ஜனாஸாவுக்கும் போகிறார். புதிய கிதாபு ஒன்றை மூத்த ஆலிமிடம் கேட்டுத் தெளிய இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். அந்த ஒருநாள் விடுப்பையும் பேருந்துக் கட்டணத்தையும் நிர்வாகக் கணக்கில் எழுத நாம் கேட்கிறோம். நல வாரியத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று முத்தவல்லி ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் காய்ச்சலில் படுத்தால் அன்று மத்ரஸாவின் கதவு பூட்டியே கிடக்கிறது. இவருக்கு ஒரு முஈத் கூட இல்லை.