புழுங்கல் அரிசியும் வீங்கிய இதயமும்

சிலாங்கூரின் வடபகுதியில் பத்தாங் காலி, ராசா, செரண்டா, உலு யாம், கோல குபு ஆகிய ஊர்களைச் சுற்றி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. சுரங்கத்தில் மண் வெட்டியோர் பெரும்பாலும் தென்சீனத்திலிருந்து வந்தவர்கள். காடழித்துப் பால்மரம் நட்டு, மரம் முதிர்ந்ததும் பட்டையைச் சீவிப் பாலெடுத்தோர் பெரும்பாலும் தமிழர்கள். இரு சாராரும் ஒரே மழையில் நனைந்தார்கள். ஒரே ஆற்று நீரைக் குடித்தார்கள். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இரு சாராரையும் வேறுபாடு பாராமல் வீழ்த்தின. ஆயினும் ஒரு நோய் மட்டும், சீனத் தொழிலாளர் கூடி வாழ்ந்த கொங்சி வீடுகளுக்குள் புகுந்து ஆட்களை அள்ளிச் சென்றபோதும், தமிழர் வாழ்ந்த லயங்களை ஏறக்குறையத் தொடாமலே விட்டது. மேற்கே கோல சிலாங்கூரின் கடலோரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கும் இதே பாதுகாப்பு இருந்தது.

அந்நோய் பெரிபெரி எனப்படுவது. முடியாமையைக் குறிக்கும் சிங்களச் சொல் ஒன்றின் இரட்டிப்பே இப்பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இது இரு வடிவங்களில் வரும். நரம்புகள் தளர்ந்து, காலில் உணர்வு குன்றி, நடை தள்ளாடுவது உலர் பெரிபெரி. கணுக்காலில் தொடங்கிய வீக்கம் மேலேறி, மூச்சு வாங்கி, கழுத்து நாளங்கள் புடைத்து, இதயம் ஓய்ந்து போவது ஈரப் பெரிபெரி. இரண்டாவதன் கொடிய நிலையில், காலையில் எழுந்து நடமாடியவர் மறுநாளே மூச்சுத் திணறி இறப்பதுண்டு. அந்தத் திடீர்ச் சரிவுக்கு ஜப்பானியர் இட்ட ‘ஷோஷின்’ என்ற பெயரே இன்றும் உலக மருத்துவ நூல்களில் வழங்குகிறது. இறந்தவரின் உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், இதயத்தின் வலப்பக்க அறைகள் அளவுக்கு மீறி விரிந்து கிடப்பதைக் கண்டார்கள். வால்வு கெடவில்லை, இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் அடைப்பில்லை, ஆயினும் இதயம் நின்றுவிட்டது என்பதே அவர்களைத் திகைக்க வைத்த புதிர்.

கிருமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டு வந்த காலம் அது. ஆகவே இதற்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்டு, பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்ற நிலையத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், நோயாளிகள் வாழும் இடத்தில் தங்கி, வாய்வழியே உடலுக்குள் புகும் ஒரு நுண்ணுயிரே பெரிபெரிக்குக் காரணம் என்று வாதிட்டார். சிறை, மனநல மருத்துவமனை, சுரங்கக் கொங்சி எனப் பலர் நெருங்கி வாழும் கட்டடங்களிலேயே நோய் மிகுந்திருந்ததால், குற்றம் கட்டடத்தின் மீது விழுந்தது. அங்கே வாழ்ந்த அனைவரும் ஒரே மூட்டை அரிசியை உண்டார்கள் என்பது போதிய கவனம் பெறவில்லை.

அதைக் கவனித்தவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய டபிள்யூ. எல். பிராடன். மலாயாவின் மூன்று மக்கள் பிரிவினரும் மூன்று வகை அரிசியை உண்பதையும், நோய் அந்தப் பிரிவினையை ஒட்டியே பரவுவதையும் அவர் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். கிராமத்து மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டார்கள். சீனர் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்டார்கள். தமிழர் இந்தியாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கப்பலேறி வந்த புழுங்கல் அரிசியை உண்டார்கள். 1907இல் லண்டனில் வெளியான தம் பெருநூலில், நோய் சயாம் அரிசியை உண்பவருக்கே வருகிறது என்று அவர் நிறுவினார். ஆனால் பச்சரிசி நாட்பட இருக்கும்போது பூஞ்சையினால் அதில் ஒரு நஞ்சு பிறக்கிறது என்பதே அவர் கண்ட விளக்கம். அரிசியில் ஏதோ சேர்ந்துவிட்டது என்று அவர் கருதினார். உண்மையில் அரிசியிலிருந்து ஒன்று போய்விட்டிருந்தது. காரணத்தில் பிழைத்தாலும் சோற்றுத் தட்டை நோக்கி மருத்துவத்தைத் திருப்பிய பெருமை பிராடனுக்கே உரியது.

போய்விட்ட அந்தப் பொருளைத் தமிழரின் அரிசி இழக்காமல் காத்தது எவ்வாறு என்பது இங்கு விரித்துரைக்கத் தக்கது. நெல்லை நீரில் ஊறவைத்து, அவித்து, களத்தில் பரப்பி உலர்த்தி, அதன் பின்னரே குத்துவது புழுக்கும் முறை. தஞ்சை, திருச்சி வட்டாரங்களின் உழவர் வீடுகளில் இவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்கள் பெண்கள். உமி எளிதில் கழலும், குத்தும்போது நொய் குறையும், சேமித்து வைத்தால் பூச்சி எளிதில் அண்டாது என்பனவே இம்முறைக்கு அவர்கள் கண்ட பயன்கள். அரிசியின் முளையிலும் தவிட்டிலும் தங்கியிருக்கும் தயமின் என்ற உயிர்ச்சத்து, அதாவது வைட்டமின் பி1, நீரில் கரையக்கூடியது. நெல் ஊறி அவியும்போது அது நீரோடு சேர்ந்து மணியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலை எவ்வளவு தீட்டினாலும் கணிசமான பங்கு உள்ளேயே நிற்கிறது. பச்சரிசியைத் தீட்டும்போது முளையும் தவிடும் கழிய, சத்தும் அவற்றோடு கழிகிறது. ஆக, தோட்டக் கிடங்கில் கங்காணி முன்னிற்க அளந்து கொடுக்கப்பட்ட புழுங்கல் அரிசி, கொடுத்தவரும் அறியாமல், வாங்கியவரும் அறியாமல், இதயத்துக்கான மருந்தாகவும் இருந்தது.

பிராடனின் கூற்றைச் சோதித்தவர் கோலாலம்பூரின் வட்டார மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். அங்கிருந்த மனநல மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு பெரிபெரி கடுமையாகத் தாக்கியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகள் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண் பெற்றவரை முற்றத்தின் கிழக்கு விடுதியிலும் இரட்டைப்படை எண் பெற்றவரை மேற்கு விடுதியிலும் தங்க வைத்தார். இரு விடுதிகளும் ஒரே அமைப்புடையவை. அரிசியைத் தவிர உணவும் ஒன்றே. கிழக்கில் பழைய சயாம் பச்சரிசி தொடர்ந்தது. மேற்கில் வங்காளப் புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்டது. இடையில் இரு குழுவினரையும் விடுதி மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியின் பின்னாலேயே சென்றது. பச்சரிசி உண்ட குழுவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட குழுவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. ஃபிளெட்சரின் அறிக்கை 1907இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஒற்றை, இரட்டை என்று ஆட்களைப் பிரித்த அந்த எளிய முறையைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளின் முன்னோடிகளுள் ஒன்றாக இன்று மருத்துவ வரலாறு போற்றுகிறது. ஒப்புதல் கேட்கப்படும் நிலையிலேயே இல்லாத மனநோயாளிகளின் உயிரைக் கொடுத்து அந்த அறிவு பெறப்பட்டது என்பதையும் அதே வரலாறு அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டும்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும். ஜெலெபு மாவட்டத்தில் டூரியான் திப்புஸ் என்ற இடத்தருகே, முன்பு எவரும் குடியிருக்காத காட்டில் சாலை அமைக்கச் சென்ற ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளரை, 1907இல் தொடங்கி, இரு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துக் கண்காணித்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளையரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறியது. புதிய காட்டில் பழைய கிருமி இருந்திருக்க வழியில்லை. பின்னர் அவர்கள் கோழிகளுக்கு அதே அரிசிகளைக் கொடுத்து, கழிவாக ஒதுக்கப்பட்ட தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளது என்று காட்டியதோடு, அரிசியின் பாஸ்பரஸ் அளவைக் கொண்டு அது தீங்கற்றதா என்று அறியும் முறை ஒன்றையும் வகுத்தார்கள். பட்டாவியாவில் டச்சு மருத்துவர் ஐக்மான் கோழிகளை வைத்து ஏற்கெனவே தொடங்கியிருந்த ஆய்வு இவ்வாறு மலாயாவில் மனிதரிடம் உறுதிப்பட்டது. பச்சரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை 1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம் ஏற்றது. தயமினை 1926இல் ஜாவாவில் ஜான்சனும் டோனாத்தும் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள்; 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர்.

தயமின் இல்லாதபோது இதயம் ஓய்வது ஏன் என்பதை மருத்துவர்கள் இன்று தெளிவாக விளக்குகிறார்கள். சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடலின் உயிரணுக்கள் ஆற்றலாக மாற்றும் தொடர்வினையில் ஒரு முக்கியமான கதவைத் திறக்கும் சாவி தயமின். சாவி இல்லையேல் சர்க்கரை பாதி எரிந்த நிலையில் தேங்கி, அமிலம் பெருகுகிறது. உடலெங்கும் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் வழியே இரத்தம் தடையின்றிப் பாய்ந்து இதயத்துக்கு விரைந்து திரும்புகிறது. இதயம் வழக்கத்தை விட மிகுதியான இரத்தத்தை ஓயாது இறைக்க வேண்டியதாகிறது. அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலோ அதன் தசைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே பெரும்பாலான இதயச் செயலிழப்புகளில் இறைப்பு குறைந்திருக்க, இதில் தொடக்கத்தில் இறைப்பு மிகுந்திருக்கும். நோயாளியின் கையும் காலும் குளிராமல் வெதுவெதுப்பாக இருக்கும். 1920களின் இறுதியில் ஆல்ஸ்மேயரும் வியன்னாவின் வெங்கெபாக்கும் இந்தப் ‘பெரிபெரி இதயத்தை’ விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். உடலில் சேமிப்பாக நிற்கும் தயமின் ஏறக்குறைய 30 மில்லிகிராம் மட்டுமே என்பதால், சத்தற்ற உணவு சில வாரங்கள் தொடர்ந்தாலே அது வற்றிவிடும். ஊசி வழியே தயமின் செலுத்தினாலோ, சாவின் விளிம்பில் இருப்பவரும் சில மணி நேரத்தில் தேறத் தொடங்குவார். மருத்துவத்தில் இத்தகைய மீட்சிகள் அரியவை.

தாயகத்திலும் இதற்குச் சான்று இருந்தது. சென்னை மாகாணத்தின் வடக்கே, பச்சரிசி உண்ணும் தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நெடுங்காலம் நிலைத்திருக்க, புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே இருந்தது. 1930களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த அய்க்ராய்ட், புழுக்கிய அரிசி தீட்டிய பின்னும் தயமினைப் பிடித்து வைத்திருப்பதை அளந்து காட்டினார்.

இவ்வளவு இருந்தும், தோட்டத் தமிழரின் இதயம் நலமாக இருந்தது என்று சொல்ல இயலாது. அவர்களின் கால்களும் வீங்கின; அவர்களுக்கும் மூச்சு வாங்கியது. காரணம் மண்ணில் இருந்தது. கழிப்பிடம் இல்லாத லயங்களைச் சுற்றிய ஈரமண்ணில் வளரும் கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே சென்று, குடலில் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். பெரிய இனத்தைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு எடுப்பது ஏறக்குறைய 0.2 மில்லிலிட்டரே ஆயினும், நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும்போது இரத்தம் நீர்த்துப்போய், குறைந்த சத்துள்ள இரத்தத்தை மிகுதியாக இறைத்தே உடலைக் காக்க வேண்டிய நிலைக்கு இதயம் தள்ளப்படுகிறது. வெளித்தோற்றத்தில் இது பெரிபெரியைப் போலவே இருந்ததால் மருத்துவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். 1887இல் இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி அளித்த அறிக்கையின் தலைப்பிலேயே ‘இரத்தசோகை அல்லது பெரிபெரி’ என்று இரண்டும் ஒன்றாகவே நின்றன. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய டார்லிங் குழு மலாயாவில் இப்புழுவை ஆராய்ந்தது. புழுவை வெளியேற்றக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றான தைமால், தமிழர் வயிற்றுவலிக்கு மெல்லும் ஓமத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் மருந்து கொடுத்தபின் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடக்கவிட்டதால் புழு திரும்பத் திரும்ப ஏறியது. செருப்பும் கழிப்பிடமும் மருந்தாகும் இதயநோய் இது. அவ்விரண்டும் மிகத் தாமதமாகவே வந்தன.

1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின் ரங்கூன் அரிசி நின்றது. தோட்டமக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைக்க வேண்டியதாயிற்று. அக்கிழங்கில் தயமின் மிகக் குறைவு. அதே வேளையில் சயாம் எனப்பட்ட தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதைக்காக மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அங்கே கிடைத்தது தீட்டிய வெள்ளையரிசிச் சோறும், உப்பும், பெயருக்குக் கொஞ்சம் காய்கறியும். வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றோடு பெரிபெரியும் அவர்களைக் கொன்றது. அரை நூற்றாண்டாக எந்த நோய்க்குத் தப்பியவர்கள் என்று மருத்துவ நூல்கள் தமிழரைச் சுட்டினவோ, அதே நோய்க்கு அவர்கள் இரையானதற்கு உடற்கூறோ பழக்கமோ மாறியது காரணமன்று; தட்டிலிருந்த அரிசி மாறியதே காரணம். கைதிகளான மேலைநாட்டுப் படைவீரருடன் மருத்துவர்கள் இருந்தார்கள்; அவர்கள் நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெழுதி மறைத்து வைத்தார்கள். தமிழ்த் தொழிலாளரின் முகாம்களில் அத்தகையோர் அரிதாகவே இருந்தார்கள்.

தயமின் குறைவால் வரும் இதயச் செயலிழப்பு இன்றும் மறையவில்லை. சத்தான உணவின்றிச் சம்சு போன்ற வடிசாராயத்தில் மூழ்கியவர்களிடமும், இரைப்பை அறுவைக்குப் பின் உணவு சுருங்கியவர்களிடமும், நீரிறக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்பவர்களிடமும் மருத்துவர்கள் அதைக் காண்கிறார்கள். எக்ஸ்ரேயும் மின்பதிவும் காரணத்தைச் சொல்லாதபோது, நோயாளி அண்மைய மாதங்களில் என்ன உண்டார் என்ற கேள்வியே நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

பத்தாங் காலியிலும் கோல சிலாங்கூரிலும், சயாமுக்குப் போன பாட்டனார் ‘உடம்பு வீங்கிச் செத்தார்’ என்ற ஒற்றை வரி நினைவாக எஞ்சியிருக்கும் வீடுகள் இருப்பின், அந்த வரி ஒரு மருத்துவச் சான்று என்பதை அவ்வீட்டார் உணர வேண்டும். வீக்கம் காலில் தொடங்கியதா, முகாமில் என்ன சோறு போட்டார்கள், எத்தனை நாளில் இறந்தார் என்பதைச் சொல்லக்கூடிய முதியவர் ஒருவரேனும் இருக்கும்போதே அவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும்.