கிண்டி வேலியும் இருளர் பானையும்

அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையில் வருபவர்களுக்குக் கிண்டிக் காடு பெரும்பாலும் ஒரு மதில் மட்டும்தான். இப்படியொரு காடு நகருக்குள் எப்படித் தப்பியது என்று கேட்டால், வெள்ளைக்கார கவர்னர்களின் வேட்டைத் தோட்டமாக இருந்ததால்தான் என்பார்கள். அது பாதி உண்மை. 1821-ல் அரசு 35,000 ரூபாய்க்கு இந்த நிலத்தை வாங்கியது. 1910-ல் காப்புக்காடானபோது அதன் பரப்பு சுமார் 500 ஹெக்டேர். இன்று மிஞ்சியிருப்பது 270 ஹெக்டேர்தான். குறைந்ததில் பெரும்பகுதி சுதந்திரத்துக்குப் பிறகு போனது: 1959-ல் ஐஐடி வந்தது, காந்தி மண்டபத்தை ஒட்டி ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் எழுந்தன. தலைவர்களை நினைக்க மரங்களை வெட்டுவது நம் ஊர் வழக்கம் போலும். ஆக, காட்டைக் காத்தது கவர்னரின் வேலி மட்டுமல்ல. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த சட்டம்தான் அதை அதற்கு மேல் சுருங்காமல் நிறுத்தியது.

ஆனால் சட்டம் வேலி போட்டால் மட்டும் போதுமா? கிண்டியில் இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையோரத்தில் காணப்படுவது. கிண்டி வேலிக்கு வெளியே, செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காடுகளை அணுவணுவாக அறிந்தவர்கள் இருளர் பழங்குடியினர். கறையான் புற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று சொல்லக்கூடியவர்கள். பிடித்த பாம்பின் தோலை வியாபாரிக்குக் கொடுத்து வயிறு வளர்த்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. அவர்களின் தொழில் ஒரே அடியில் குற்றமாயிற்று.

தடை தவறா என்று கேட்கலாம். இல்லை. அந்த வியாபாரம் நீடித்திருந்தால் பாம்பே மிஞ்சியிருக்காது. ஆனால் தோலில் கொழுத்தவர்கள் வேறு. தண்டனை மட்டும் புற்றருகே நின்றவனுக்குப் போனது. இதற்கு வழி பிறந்தது கிண்டியோடு தொடர்புள்ள ஒருவரால். 1972-ல் கிண்டியில் பாம்புப் பண்ணை அமைத்த ரோமுலஸ் விட்டேகர் இருளர்களிடமும் பாம்புகளைப் பற்றிக் கற்றவர். அவருடைய துணையோடு 1978-ல், கிண்டி தேசியப் பூங்காவான அதே ஆண்டில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிப்போருக்கு அந்த விஷம் போகிறது.

கிண்டிக்குள் பழங்குடி ஊரே இல்லையே, இரண்டையும் ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம். இரண்டும் அந்த 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வந்தவை, அதுதான் முடிச்சு. ஒன்றில் மனிதனை வெளியே நிறுத்திக் காத்தார்கள். மற்றொன்றில் மனிதனின் அறிவுக்கு உரிமம் கொடுத்துக் காத்தார்கள். இரண்டாவதுதான் கடினம், இரண்டாவதுதான் நீடிக்கும் என்பது என் கணிப்பு. ஒரு குறையும் உண்டு: எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது இன்னும் அரசின் அனுமதியைச் சார்ந்தே இருக்கிறது, அது வராவிட்டால் பானைகள் காலி. 2023-ல் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கிண்டியில் பாம்புகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பவர்கள் ஒருமுறை வடநெம்மேலிக்கும் போய்ப் பாருங்கள்.