உலகம் முடிந்த மறுநாள் துணி துவைப்பது யார்?

பஞ்சம், போர், வெள்ளம், கொள்ளைநோய் எது வந்தாலும் கூடவே ஒரு பேச்சும் வரும். பேரழிவுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்பார்கள். இந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்று பார்க்க, ஜோம்பி தொடர் ஒன்றின் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம்.

'தி வாக்கிங் டெட்' அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை பதினொரு சீசன்கள் ஓடிய தொடர். செத்தவர்கள் எழுந்து நடந்து, உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். அரசு இல்லை, கடை இல்லை, சம்பளம் இல்லை. அட்லாண்டா நகருக்கு வெளியே ஒரு கல்குவாரியின் அருகில் சிலர் கூடாரம் போட்டுப் பிழைத்துக் கிடக்கிறார்கள். 2010 நவம்பர் 14 அன்று ஒளிபரப்பான மூன்றாம் அத்தியாயத்தில், அந்தக் குவாரித் தண்ணீரில் நான்கு பெண்கள் துணி துவைக்கிறார்கள். ஆண்ட்ரியா, அவள் தங்கை ஏமி, கறுப்பினப் பெண்ணான ஜாக்கி, எட் என்பவனின் மனைவி கரோல். சற்றுத் தள்ளி ஷேன் என்ற போலீஸ்காரன் ஒரு சிறுவனோடு தவளை பிடித்துக்கொண்டிருக்கிறான். எட் புகை பிடித்தபடி பெண்களைக் கண்காணிக்கிறான்.

இந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்று ஜாக்கி கேட்கிறாள். அதைக் கேட்கும்போது ஹாட்டி மெக்டானியல் என்ற பெயரைச் சொல்கிறாள். 'கான் வித் த விண்ட்' படத்தில் அடிமை வேலைக்காரியாக நடித்து, 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பின நடிகை அவர். விருது வாங்கிய அந்த இரவிலும் அவருக்குத் தனி மேசைதான் போட்டிருந்தார்கள். ஜாக்கியின் கேள்வி ஆண், பெண் கணக்கோடு நிற்பதில்லை. அழுக்கைத் தொடுகிற வேலை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்கிறாள். வண்ணார் சமூகப் பெண்கள் ஊர்த் துணியைச் சுமந்து துறைக்குப் போனதையும், மாலையில் வாசல் வாசலாக நின்று சோறு வாங்கியதையும் அறிந்த நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

ஜோம்பி என்ற கற்பனையே உழைப்பிலிருந்துதான் பிறந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வதைபட்டார்கள். செத்தாலும் விடுதலை இல்லை, உடம்பை எழுப்பி மறுபடியும் வேலை வாங்குவார்கள் என்ற அச்சம் அந்த மண்ணின் கதைகளில் தங்கியது. இன்றைய படங்களில் ஜோம்பி என்றால் தின்ன வரும் பிணம். அதன் மூலக்கதையிலோ, ஓய்வு மறுக்கப்பட்ட உழைப்பாளி.

ஜாக்கிக்கு ஏமி சொல்லும் பதில் கேலியானது. உலகம் முடிந்துவிட்டதே, தெரியாதா என்கிறாள். கரோல் சிரிக்கவில்லை, இது இப்படித்தான் என்கிறாள். உலகம் முடிந்த பிறகும் வேலைப் பிரிவினை மட்டும் முடியாமல் நிற்கிறது.

இது கதைக்காரர்களின் கற்பனை மட்டுமல்ல. நம் ஊரில் உலகம் ஒருமுறை முடிந்த காலம் உண்டு. 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஆரணியும் வெம்பாக்கமும் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டமும் தப்பவில்லை. பிழைக்க வழி தேடியவர்கள் அரசின் நிவாரண வேலைக்குப் போய் மண் சுமந்தார்கள், கல் உடைத்தார்கள். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதிலும் குறைத்தே கொடுத்தார்கள். இந்த அளவு உயிரைத் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பிறகு கூலி ஓரளவு உயர்ந்தது. எலும்பும் தோலுமாக நின்ற கூட்டத்தில்கூட ஆண் பசி, பெண் பசி என்று பிரித்து அளக்க அரசுக்குத் தெரிந்திருந்தது.

பஞ்சக் கூலியில் குறைவாகவாவது எண்ணப்பட்ட பெண்ணின் வேலை, வீட்டுக்குள் எண்ணப்படுவதே இல்லை. ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளைப் பாருங்கள். நூல் இழைப்பது, தார் சுற்றுவது, பாவுக்கு உதவுவது எனப் பெண்கள் செய்யும் வேலை நடக்காமல் தறி ஓடாது. கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான். தார் சுற்றிய கைக்கென்று தனிக் கணக்கு பெரும்பாலான வீடுகளில் கிடையாது. அது வீட்டு வேலையோடு சேர்ந்து கரைந்துவிடுகிறது. குவாரிக் கரையில் நடப்பதும் அதுதான். துப்பாக்கி பிடிப்பது பாதுகாப்பு வேலை. துவைப்பது வெறும் துவைப்பது.

காட்சி மேலே போகிறது. இழந்த உலகில் எது இல்லாமல் ஏங்குகிறோம் என்று பெண்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். சலவை இயந்திரம், காப்பி இயந்திரம், கணினி என்று வந்த பட்டியலில் ஆண்ட்ரியா கூசாமல் தன் உடல் இன்பத்துக்கான கருவியைச் சேர்க்கிறாள். எனக்கும்தான் என்று மெல்லிய குரலில் சொல்வது கரோல். எல்லோரும் வெடித்துச் சிரிக்கிறார்கள். எட்டுக்குப் பொறுக்காதது இந்தச் சிரிப்புதான். தன் மனைவிக்கென்று ஒரு ஆசை இருப்பதும், அதைப் பிற பெண்கள் அறிவதும் அவன் அதிகாரத்தை அசைக்கிறது. வந்து அதட்டுகிறான். மற்ற பெண்கள் அவளை மறித்து நிற்கிறார்கள். அவன் கரோலை அறைகிறான்.

அப்போது ஷேன் பாய்ந்து வந்து எட்டின் முகத்தைக் குத்திச் சிதைக்கிறான். பார்ப்பவர் மனதில் ஒரு நிறைவு எழலாம். ஆனால் சற்று முன்னால் நடந்ததை மறக்கக் கூடாது. ஷேனின் நண்பன் ரிக், லோரியின் கணவன். அவன் இறந்துவிட்டான் என்று நம்பிய லோரி ஷேனோடு வாழ்ந்திருந்தாள். இப்போது ரிக் உயிரோடு திரும்பிவிட்டான். என்னையும் என் மகனையும் நெருங்காதே என்று லோரி அப்போதுதான் ஷேனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் குத்துவது அந்தக் கோபத்தில். கரோலின் கன்னம் அதற்கு ஒரு காரணமாகக் கிடைத்தது. அடி ஓய்ந்ததும் கரோல் கணவன்மேல் விழுந்து அழுது மன்னிப்புக் கேட்கிறாள். ஓர் ஆணின் முரட்டுத்தனத்தை இன்னோர் ஆணின் முரட்டுத்தனம் வென்றது. அவள் நிலை மாறவில்லை.

2020 ஊரடங்கில் வீட்டு வன்முறைப் புகார்கள் கூடியதாகத் தேசிய மகளிர் ஆணையம் சொன்னது. தொற்றுக்குப் பயந்து கதவை மூடியபோது, அடிக்கிறவனோடு உள்ளே மாட்டிக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் வாசலுக்குப் போக, முதலில் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். அப்படித் தாண்டும்போது கைபிடிக்க இன்னொரு பெண் வேண்டும்.

அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஷேனின் குத்தைவிட, கரோலை மறித்து நின்ற பெண்களின் சில நொடிகள் முக்கியமானவை. அவர்கள் தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அவள் உடம்பில் இருந்த காயங்களைக் கண்டு அதை வாய்விட்டுச் சொன்னவர்கள் அவர்கள்தான். அடுத்த அத்தியாயத்தில் எட் ஜோம்பிகளுக்கு இரையாகிறான். அதற்கடுத்ததில், அவன் பிணம் மீண்டும் எழாமல் இருக்கத் தலையை உடைக்கும் வேலையை கரோல் தானே கேட்டு வாங்கிச் செய்கிறாள். தொடரின் கடைசி வரை நிலைத்து நின்ற மிகச் சிலரில் அவளும் ஒருத்தி.

ஜாக்கியின் கேள்விக்கு அந்த முகாமில் யாரும் பதில் சொல்லவில்லை. நம் வீட்டுத் துவைகல்லிலும் தறிக்குழியருகிலும் அதைக் கேட்டுப் பார்க்க, உலகம் முடியும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.