நிலையும் விதியும்: இனக்குழு எழுத வேண்டிய இடம்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் மென்பொருள் உருவானது அங்கேதான். பிளஸ் டூ முடித்தவர்கள் அந்நிறுவனத்தின் பள்ளியில் நேரடியாக நிரலாக்கம் படிக்கிறார்கள். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று பாடநூலில் படித்துவிட்டு வரும் ஒரு மாணவருக்கு முதலில் எழும் கேள்வி: எதைச் செயற்கூறாக (function) எழுதுவது, எதை இனக்குழுவாக (class) எழுதுவது?

பெயர்ச்சொல்லெல்லாம் இனக்குழு, வினைச்சொல்லெல்லாம் செயற்கூறு என்பது வழக்கமாகச் சொல்லித்தரப்படும் விடை. இது தவறான அளவுகோல் என்பதே என் வாதம். காலப்போக்கில் மாறும் ஒரு நிலை இருக்க வேண்டும். அது எப்படி மாறினாலும் மீறக்கூடாத ஒரு விதியும் இருக்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில்தான் இனக்குழுவுக்கு வேலை. மற்ற இடங்களில் செயற்கூறே போதும்.

தென்காசிக்குப் பக்கத்திலுள்ள குற்றால அருவிகளையே எடுத்துக்கொள்வோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாமே பெயர்ச்சொற்கள். ஆனால் பெயரும் இடமும் உயரமும் மட்டும் தேவையென்றால் ஒரு சாதாரணப் பதிவு போதும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறதா என்று அளவைப் பார்த்துச் சொல்வதற்கும் ஒரு செயற்கூறு போதும். ஒரே அளவைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடைதான் வரும்.

குளிக்க அனுமதி உண்டா, இல்லையா என்பது வேறு வகை. கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை வெள்ளமாக இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. ஆகவே நாம் எழுதும் நிரலில், மூடிய அருவியை ஒருமுறை நீர் குறைந்ததைப் பார்த்ததும் திறந்துவிடக் கூடாது. தொடர்ந்து சில அளவீடுகள் தாழ்ந்திருக்க வேண்டும். பொறுப்பாளர் ஒப்புதலும் வேண்டும். முந்தைய அளவீடுகளையும் ஒப்புதலையும் நினைவில் வைத்தால்தான் இந்த விதி நிற்கும். ‘திறப்பு’ என்ற மாறியைப் பொதுவில் விட்டால், நிரலின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அதை மாற்றலாம். இனக்குழுவுக்குள் வைத்தால் மூடு, அளவைப் பதி, ஒப்புதல் கொடு என்ற மூன்று வாசல்கள் மட்டுமே. விதியைச் சோதிக்க அந்த மூன்றையும் படித்தால் போதும்.

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் சிமுலா 67 மொழியில் இனக்குழுவைக் கொண்டுவந்தது, காலத்தோடு நிலை மாறும் அமைப்புகளைக் கணினியில் பாவனை செய்வதற்காக. மாறக்கூடிய வடிவமைப்பு முடிவுகளை மறைத்து வை என்று கணினியியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதினார். 1995இல் வந்த ஜாவா எல்லாவற்றையும் இனக்குழுவுக்குள் அடைக்கச் சொன்னதில்தான் பழக்கம் கெட்டது. அதன் ‘மேத்’ இனக்குழுவில் மாறும் நிலை என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. செயற்கூறுகளுக்கு அது வெறும் கூரை.

இணையப் பக்கங்களை உருவாக்க உதவும் ரியாக்ட் நூலகம், செயற்கூறுகளிலேயே நிலையைப் பயன்படுத்த உதவும் ‘ஹூக்ஸ்’ வசதியை 2019 பிப்ரவரியில் தந்த பிறகு இனக்குழுவே வேண்டாம் என்ற குரல் வலுத்தது. ஆனால் அங்கே நிலை மறைந்துவிடவில்லை. அதைச் செயற்கூறுக்குப் பதிலாக ரியாக்டே வைத்துக்கொள்கிறது. ஒரு நிலையை ஒரே ஒரு செயல் மட்டும் தொடுமென்றால், அந்த நிலையைத் தன்னுள் பிடித்துவைத்த செயற்கூறே எளிது. நான்கு செயல்கள் தொட்டால் இனக்குழுவைப் படிப்பது எளிது.

என் அளவுகோலுக்கும் எல்லை உண்டு. ஒரு புகார்ச்சீட்டை இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் திறந்தால், இரண்டிலும் அதே இனக்குழுவின் தனித்தனிப் பொருள்கள் (objects) உருவாகும். ஒன்று ‘முடிந்தது’ என்று எழுதும்போதே மற்றது ‘நிலுவை’ என்று எழுதிவிடலாம். இரண்டும் தத்தம் அளவில் விதியை மீறியிருக்காது. நிலை உண்மையில் இருப்பது தரவுத்தளத்தில் என்பதால், அங்கே விதியைத் தரவுத்தளத்திலேயே பூட்டிவைக்க வேண்டும். எவ்வளவு கச்சிதமான இனக்குழுவும் அந்த வேலையைச் செய்யாது.