ஆட்டுக்குப் புழு மருந்து எத்தனை தடவை?

(வானொலி உரை)



"ஆட்டுக்கு எத்தனை மாசத்துக்கு ஒருதரம் புழு மருந்து ஊத்தணும்?" ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. மாசக் கணக்கில் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தக் கணக்கு எப்படி வந்தது, பிறகு ஏன் பலிக்காமல் போனது என்று தெரிந்துகொண்டால், உங்கள் பட்டிக்கு எது சரி என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆட்டின் நான்காவது இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஒரு புழு இருக்கிறது. சுமார் ஒரு அங்குல நீளம். பெண் புழு, சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். ஒரு புழு நாளைக்கு ஒரு சொட்டு ரத்தம் குடித்தாலும், ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி போய்விடும். பெண் புழு ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, மழை ஈரத்தில் ஒரு வாரத்துக்குள் பொரித்து வளர்ந்து, புல்லில் ஏறிக்கொள்ளும். மேய்கிற ஆடு அதை விழுங்கும். மூன்றே வாரத்தில் அதுவும் முட்டை இடும். ஆடு வெளிறும், தாடைக்கடியில் வீங்கும், கடைசியில் சாகும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பல நாடுகளில் இதற்கு மயில்துத்தக் கரைசல்தான் மருந்து. அளவு கொஞ்சம் மிஞ்சினால் புழுவோடு ஆடும் போகும். 1938-ல் அமெரிக்காவில் பினோதயசின் என்ற மருந்தின் குணம் தெரியவந்தது. 1961-ல் தயாபெண்டசோல் வந்தது. இன்று நீங்கள் வாங்குகிற ஆல்பெண்டசோல், பென்பெண்டசோல் எல்லாம் இதன் வாரிசுகள்தாம். அடுத்து லெவமிசோல், 1981-ல் ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து அது. அதற்கு வழிகாட்டிய ஒமுரா, கேம்பெல் இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து பயமில்லாததாகவும் விலை குறைந்ததாகவும் ஆனதும், நாள் குறித்து மந்தை முழுவதற்கும் ஊற்றும் பழக்கம் பரவியது. கண்கூடாகப் பலன் கிடைத்ததால் அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் புழுவும் சும்மா இருக்கவில்லை. 1957-லேயே அமெரிக்காவில் பினோதயசினுக்குச் சாகாத புழு தென்பட்டது. தயாபெண்டசோல் வந்து மூன்றே வருஷத்தில், 1964-ல், அதற்கும் அதே கதி. 1976-ல் நம் இந்தியாவிலும் செம்மறி ஆடுகளில் இது பதிவாயிற்று. 1980-களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவில் ஐவர்மெக்டினையும் புழு தாண்டிவிட்டது. சில பண்ணைகளில் எந்த மருந்து ஊற்றியும் ஆடு செத்தது.

காரணம் என்ன? பருத்தியில் ஒரே மருந்தை அடித்து அடித்துக் காய்ப்புழு பழகிப்போனதைப் பார்த்தவர்கள் நீங்கள். இங்கேயும் அதேதான். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால், மருந்துக்குத் தப்பிய புழு மட்டும் மிஞ்சும். அடுத்து இடுகிற முட்டையெல்லாம் அதன் வம்சம். சில ஆடுகளுக்கு ஊற்றாமல் விட்டால், மருந்துக்குச் சாகிற புழுவும் மேய்ச்சல் நிலத்தில் கலந்திருக்கும். மருந்தின் ஆயுசும் நீளும்.

இந்த நெருக்கடியில்தான் தென்னாப்பிரிக்க மருத்துவர் பாபா மாலனும் அவருடைய சகாக்களும் 1990-களில் ஒரு வழி கண்டார்கள். மந்தையில் சில ஆடுகளைத்தான் புழு அதிகம் வாட்டுகிறது. அவற்றை ரத்தச்சோகையே காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிறம் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தயாரித்தார்கள். பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கீழ் இமையை இழுத்து, உள்தோலின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பென்றால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே மருந்து.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் இமையைப் பாருங்க. குட்டிகளையும் சினை ஆடுகளையும், குட்டி போட்ட ஆடுகளையும் கூடுதலாகக் கவனியுங்க. தாடை வீங்கிய ஆட்டுக்குத் தாமதம் கூடாது. ஈரல் தட்டைப்புழுவாலும் தீவனக் குறைவாலும்கூட ஆடு வெளிறும். மற்ற குடற்புழுக்கள் இமையில் தெரியாமலே கழிச்சலைக் கொடுக்கும். அதனால் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டைக் கணக்குப் பாருங்க. மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால், மருந்து கேட்கிறதா என்பது தெரிந்துவிடும். எடை போட்டு, மருத்துவர் சொல்கிற அளவை முழுசாகக் கொடுக்கணும். அரைகுறை அளவு புழுவுக்குத்தான் பாடம் சொல்லிக்கொடுக்கும். புட்டியின் பெயரை மாற்றினால் மருந்து மாறிவிடாது, உள்ளே இருக்கும் சரக்கைக் கேட்டு வாங்குங்க.

ஆக, எத்தனை மாசத்துக்கு ஒருதரம் என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. ஆட்டின் கண்ணையும் புழுக்கையையும் பார்த்து முடிவு செய்யுங்க.